பொதுநல வழக்கறிஞர் பணி: வர நினைக்கும் ஜூனியர்களும் கைகொடுக்க நினைக்கும் முன்னாள் மாணவர்களும் அடிக்கடி கேட்பவை

சென்னையில் சட்டக் கல்லூரி முன்னாள் மாணவர்கள் எங்கே கூடினாலும் பந்தியில் உட்கார்ந்ததும் இதே சந்தேகங்கள்தான் கிளம்புகின்றன. ஒரு பக்கம் இப்போதுதான் பட்டம் வாங்கியவர்கள். இன்னொரு பக்கம் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள். இரு தரப்பின் கேள்விகளையும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே தந்திருக்கிறோம்.

பொதுநல வழக்கறிஞர்னா பொதுநல வழக்கு போடுறவங்கதானே?

அது இந்தப் பணியில் ஒரு சின்னத் துண்டு. பாதிக்கப்பட்டவருக்காக இன்னொருவர் நீதிமன்றம் வரலாம் என்ற கதவை 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கு அகலத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் இந்தப் பாதையில் இருப்பவரின் அன்றாட வேலை வேறு: ரிமாண்ட், ஜாமீன், ஜீவனாம்சம், கொத்தடிமை மீட்பு, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு, குடியிருப்பு அகற்றத்துக்குத் தடை, தொழிலாளர் நீதிமன்றம், கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு. கடைசியாகச் சொன்னதற்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தீர்ப்பு அங்கே இருக்கிறது. அந்தப் பணத்தைக் குடும்பத்தின் கணக்குக்குக் கொண்டுவரும் வரை மனு மேல் மனுவாக ஓடுவதுதான் வேலை.

சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவரான கே. சந்துரு, 2006-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு முன் நடத்திய ராஜாகண்ணு வழக்கு ஒரு ஆட்கொணர்வு மனு. காவலில் இருந்த கணவர் எங்கே என்று ஒரே ஒரு பெண் கேட்ட கேள்வி அது. தலைப்பில் ‘பொதுநலம்’ என்று எழுதியிருக்கவில்லை.

காலேஜ் முடிச்சாச்சு. இந்த வேலைக்கு எங்க அப்ளிகேஷன் போடணும்?

இது ஒருவர் ஆர்டர் கொடுத்து அமர்த்தும் வேலையில்லை. பெரும்பாலும் நீங்களே கட்டிக்கொள்ளும் பிராக்டிஸ். முதல் படி எல்லோருக்கும் ஒன்றே: உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 24-ஆம் பிரிவுப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத்தாள் செலவு இருந்தால் அது தனி. வேறு பெயர் சொல்லிப் பதிவின்போது கூடுதலாக வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ‘இருபதாயிரம் எடுத்து வை’ என்று பழைய ஞாபகத்தில் சொல்லும் அண்ணன்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். பென்சில் குறிப்பு இருந்தாலும் சிக்கல் வரும். தமிழிலும் எழுதலாம். இதற்காக ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டாம். இந்தத் தேர்வில் தேறும் வரை கிடைக்கும் தற்காலிகப் பதிவோடு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே படியுங்கள். அந்தப் பதிவின் தேதி ஏன் முக்கியம் என்பது சிவில் ஜட்ஜ் கேள்வியில் வருகிறது.

முதல் மூணு வருஷம் சோத்துக்கு என்ன பண்றது?

நியாயமான கேள்வி. நல்லவர்கள் இந்தப் பாதையை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான். வழக்கறிஞர் ஆஃபீஸ்கள் நிறைந்த தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் அந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சேரும் முன் நேராகக் கேளுங்கள்: மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், பஸ், நகல் செலவு யார் பொறுப்பு. கேட்கக் கூச்சப்பட்டால் மூன்றாம் மாதம் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு, நகல் செலவையும் நீங்களே போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முழுக்க இலவச வழக்கு மட்டுமே நடத்தும் சீனியரிடம் போவது புனிதமாகத் தெரியும். ஆனால் கட்டணம் தரும் சிவில், தொழிலாளர் வழக்குகளும் சரிபாதி இருக்கிற ஆஃபீஸ்தான் ஜூனியருக்குப் பணம் தர முடியும். நடைமுறையும் அங்கேதான் முழுதாகப் பிடிபடும். பக்க வருமானத்துக்கு நாணயமான வழி மொழிபெயர்ப்பு. கீழமை நீதிமன்றத்தின் தமிழ் ஆவணங்களை உயர் நீதிமன்ற டைப்செட்டுக்காக (தட்டச்சு செய்து தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பு) ஆங்கிலமாக்க ஆள் எப்போதும் தேவை, பக்கக் கணக்கில் கூலி. தமிழ், ஆங்கிலம் இரண்டும் சுத்தமாக எழுதும் ஜூனியருக்கு இது கைச்செலவைத் தாங்கும்.

லீகல் எய்டுல சேர்ந்தா சம்பளம் வருமா?

எதில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனல் (பட்டியல்) வழக்கறிஞர். உங்கள் சொந்த பிராக்டிஸோடு சேர்த்து ஒதுக்கப்படும் வழக்குகளை நடத்துவீர்கள். வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம். பதிவாகி மூன்று வருடம் ஆகாதவரைச் சாதாரணமாகப் பேனலில் எடுப்பதில்லை. வழக்கு யாருடையதோ அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘டைப்பிங்குக்கு மட்டும்’ என்று வாங்கினாலும் புகார்தான். வழக்கின் நிலையை அவ்வப்போது அறிக்கையாகத் தராவிட்டால் கட்டணம் தேங்கிப்போகும்.

இன்னொன்று, 2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில் முறை. இது முழுநேரம், மாதத் தொகை உண்டு, குற்றவியல் வழக்குகள் மட்டும், வெளி வழக்கு எடுக்கக் கூடாது. தலைமைப் பொறுப்புக்குப் பத்து வருட அனுபவம், துணைப் பொறுப்புக்கு ஏழு வருடம், உதவியாளர் இடத்துக்குப் புதிதாகப் பதிவானவர் முதல் மூன்று வருடம் வரை உள்ளவர். ஆகவே ஃப்ரெஷருக்குக் கதவு திறந்திருப்பது இந்த மூன்றாவது இடத்தில்தான். மாவட்ட ஆணைக்குழுவின் அறிவிப்புக்குக் குறுகிய அவகாசமே இருக்கும். மாவட்ட நீதிமன்ற இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

படிக்கும்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மாவட்ட ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேரலாம். சட்ட மாணவர்கள் வழக்கறிஞராகப் பதிவாகும் வரை இருக்கலாம். காவல் நிலையம், சிறை, முகாம் மூன்றையும் பயமில்லாமல் பார்த்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

புதுசா வர்றவங்க ஜாமீன் வேலைல எங்க கோட்டை விடுறாங்க?

நாள் கணக்கில். புலனாய்வு முடியாவிட்டால் கிடைக்கும் கட்டாய ஜாமீனுக்கு, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)-படி கெடு 60 நாள். மரணம், ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். கைதான தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து எண்ணுங்கள், அந்த நாளையும் சேர்த்து. இதை உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கிவிட்டது. மார்ச் 1-இல் ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை கோர்ட் உட்காரும்போது மனு உள்ளே இருக்க வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அதற்குப் பின் போட்ட மனுவுக்கு உயிர் இல்லை. முன்பே போட்டிருந்தால், பிறகு வரும் குற்றப்பத்திரிகை உங்கள் உரிமையைப் பறிக்காது. நம் ஊரிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, ஜாமீன் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஜாமீன்தாரர் இல்லாமல் புழல் சிறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். யாராவது தெரிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் எட்டாம் நாளே தளர்வு மனு போடுங்கள். ஏழை என்பதற்கு ரேஷன் அட்டை நகலையும், ஊரில் சொந்தக்காரர் யாரும் வரவில்லை என்பதைக் குடும்பத்தாரின் அஃபிடவிட்டிலும் காட்டுங்கள்.

மூன்றாவது, பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவை மறப்பது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுதலைக்கு வழி உண்டு. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு தடை போடும். சிறையில் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது அதை.

என்.ஜி.ஓ.ல முழுநேரச் சம்பளம் வாங்கிட்டே கோர்ட்ல ஆஜராகலாமா?

கூடாது. பார் கவுன்சில் விதி 49 தெளிவாக இருக்கிறது: முழுநேரச் சம்பள ஊழியர் பிராக்டிஸ் செய்யக் கூடாது, வேலையில் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து பிராக்டிஸை நிறுத்த வேண்டும். நல்ல காரியம்தானே என்பதற்கு விதியில் விலக்கு இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத் தேடி எடுப்பார், அதுவும் வழக்கு உங்கள் பக்கம் சாயும் நேரம் பார்த்து.

அமைப்புகள் சம்பளத்துக்குப் பதில் ரீடெய்னர் கட்டணமோ (ஊழியராக்காமல், தேவைப்படும்போது வேலை செய்வதற்குத் தரும் நிலையான தொகை), வழக்குக்கு இவ்வளவு என்றோ தருவது வழி. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வருகைப் பதிவேடு, பி.எஃப். பிடித்தம், லீவு விண்ணப்பம், வெளி வழக்கு எடுக்கத் தடை எல்லாம் இருந்தால் அது சம்பளம்தான். ஒப்பந்தத்தை ஒரு சீனியரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்ப சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு அந்த வருஷமெல்லாம் கணக்காகுமா?

சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்பதை 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு தேதியிலிருந்தே எண்ணலாம் என்றும், நீதிபதியிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும் என்றும் சொன்னது. பிராக்டிஸ் செய்ததற்குப் பத்து வருட அனுபவம் உள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும். நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும்.

எனவே முந்தைய பதிலில் சொன்னபடி பிராக்டிஸை நிறுத்தி அமைப்பில் ஊழியராக இருந்த வருடங்களைக் காட்டுவது கஷ்டம். ரீடெய்னராக இருந்து ஆஜரானவருக்குச் சிக்கல் இல்லை. உங்கள் பெயர் பதிவான உத்தரவு நகல்களை வருடத்துக்கு ஐந்தாறாவது தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அமெரிக்கால காலேஜே பழைய மாணவர்களோட லோனைக் கட்டுதாமே? இங்க ஏன் இல்ல?

அங்கே பல சட்டக் கல்லூரிகளில், குறைந்த வருமானத்தில் பொதுநலப் பணிக்குப் போகும் பட்டதாரிக்குக் கடன் தவணையில் கைகொடுக்கும் திட்டம் உண்டு. 2007-இல் வந்த மத்திய அரசுச் சட்டப்படி, தகுதியான பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே கடன் பெரிது, கல்லூரிகளிடம் நன்கொடை நிதியும் பெரிது. இரண்டையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

ஆனால் இங்கே தொகை சின்னது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 4 லட்சம் பாக்கி, 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 5,290 ரூபாய். அரசு சட்டக் கல்லூரியில் படித்த பலருக்குக் கடனே இருக்காது. தனியார் கல்லூரி, தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குத்தான் இது சுமை. ஒருவருடைய தவணையைப் பத்து நண்பர்கள் ஆளுக்கு 530 ரூபாய் போட்டு இரண்டு வருடம் தாங்கலாம். அந்தப் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள்.

நாங்க பேட்ச்மேட்ஸ் சேர்ந்து ஒரு நிதி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எவ்வளவு வேணும்?

ஒரு ஜூனியருக்கு மாதம் 15,000 என்று வையுங்கள். 30 பேர் ஆளுக்கு மாதம் 500 போட்டால் முடிந்தது. பொன்னாடை, மேடை, கேடயம் வைத்து ஆண்டு விழா நடத்தும் செலவில் ஒருவரை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. விழா பிடித்தவர்கள் மன்னிக்கவும்.

இப்படிப்பட்ட நிதி படுப்பது நான்காவது மாதத்தில். வாட்ஸ்ஆப் குழுவில் நினைவூட்டி வசூலித்தால் முப்பது பேர் பன்னிரண்டாகிவிடுவார்கள். ஆகவே வங்கியில் தானியங்கிப் பிடித்தம் போடச் சொல்லுங்கள்; ஆறு மாதத் தொகையான 90,000 கையில் சேரும் வரை யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். பணம் ஜூனியர் கைக்கு நேராகப் போகட்டும். சீனியர் வழியாகப் போனால், அவர் தருகிற தொகையைக் குறைத்துக்கொள்வார். இரண்டு வருடம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். பதினோராவது மாதம் நிறுத்துவது தராமலே இருப்பதைவிட மோசம்.

அமைப்பாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனிப் பதிவு வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை இல்லை.

துபாய், சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஆளுங்க அனுப்பலாமா?

பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்குள் வரும், பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருட இருப்பும், அந்தக் காலத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்த கணக்கும் வேண்டும். புதுச் சங்கத்துக்கு எட்டாது. பதிவுள்ள வேறு அமைப்பில் வாங்கி உங்களுக்கு மாற்றும் குறுக்கு வழியையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது. ரசீது தரும் முன் பாஸ்போர்ட் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்க முடியாது, ஆனா உதவணும்னு ஆசை. என்ன செய்யலாம்?

மாதம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒரு ஜூனியர் எழுதிய பெட்டிஷனைச் சிவப்பு மையில் திருத்தித் தருவது பெரிய உதவி. தீர்ப்புத் தேடும் மென்பொருள் சந்தா உங்கள் ஆஃபீஸில் இருந்தால் சனிக்கிழமை மதியம் ஒரு நாற்காலி ஒதுக்குங்கள். வெளியூர் வழக்குக்கு அந்த ஊர்ப் பழைய மாணவர் நகல் மனு போட்டு வாங்கி அனுப்பினால் ஜூனியருக்கு ஒரு நாளும் ரயில் கட்டணமும் மிச்சம்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: இரக்கப்பட்டு, உங்கள் கட்சிக்காரருக்கு நீங்களே ஜாமீன்தாரராக நிற்காதீர்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது.

நாங்க ஜெயிச்ச கேஸை முன்னாள் மாணவர் செய்தி மடல்ல போடலாமா? போட்டோவோட?

பார் கவுன்சில் விதி 36-ஐப் படித்துவிட்டுப் போடுங்கள். தான் ஆஜரான வழக்கு தொடர்பாகத் தன் புகைப்படத்தை வெளியிடச் செய்வதும், பத்திரிகைக் குறிப்புக்குத் தூண்டுவதும் மறைமுக விளம்பரம் என்கிறது அது. தீர்ப்பு என்ன சொன்னது, யாருக்கு எப்படிப் பயன்படும், வழக்கு எண் என்ன என்று எழுதினால் சட்டச் செய்தி. ‘இவரைத் தொடர்புகொள்ளவும்’ என்று கைபேசி எண்ணோடு முடித்தால் விளம்பரம். பதவியேற்பு, நூல், பயிற்சி முகாம், காலியிடம் போன்றவற்றுக்குத் தடையில்லை. காலியிடம் போட்டால் தொகையையும் போடுங்கள்.

பாலியல் குற்ற வழக்கு, போக்சோ, சிறார் வழக்கு என்றால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஊர், பள்ளி, தந்தையின் தொழில் மூன்றும் சேர்ந்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அது தண்டனைக்குரிய குற்றம்.

ஏழைங்ககிட்ட முதல்ல ஒண்ணும் வாங்காம, இழப்பீடு வந்ததும் பத்து சதவீதம் வாங்கினா தப்பா?

தப்பு. வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. நல்லெண்ணத்தில் தொடங்கி ஒழுங்கு நடவடிக்கையில் முடிவது பெரும்பாலும் இதுதான். ஒரு சின்னத் தொகையை முன்கூட்டியே எழுத்தில் சொல்லித் தவணையாக வாங்குங்கள். இல்லையென்றால் முழு இலவசம்.

அஞ்சு வருஷம் பார்த்துட்டு கம்பெனி வேலைக்குப் போறேன்னா, துரோகம்னு சொல்றாங்க அக்கா...

சொல்பவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டுவதில்லை. போவது உங்கள் உரிமை. எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் கட்சிக்காரரின் கதி இருக்கிறது. போதிய முன்னறிவிப்பு இல்லாமல் வழக்கிலிருந்து விலகக் கூடாது என்பது விதி. இரண்டு மாதம் முன்பே ஒரு பட்டியல் எழுதுங்கள்: வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, மேல்முறையீட்டுக் கெடு முடியும் தேதி, யாருடைய அசல் ஆவணம் உங்களிடம் இருக்கிறது. கெடு தேதி உள்ள வரிகளைச் சிவப்பில் குறியுங்கள். கைமாறும்போது தொலைவது அவைதான். ஒவ்வொரு கட்சிக்காரரையும் புது வழக்கறிஞரோடு ஒருமுறை நேரில் உட்காரவைத்து, ஆட்சேபணையில்லைக் கையெழுத்தோடு புது வக்காலத்து போட்டு, அசல் ஆவணத்துக்கு ரசீது வாங்குங்கள். பிறகு விதி 49 கடிதத்தைப் பார் கவுன்சிலில் கொடுத்து, ஒப்புகை முத்திரை போட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வர நினைத்தால் அந்த நகல் வேண்டியிருக்கும்.